அடுத்த பதிப்பில் எந்தத் தடங்கள்?

பத்திரிகை அலுவலகத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்களுக்கு ஊகம் என்பது புதிய சரக்கல்ல. அமைச்சரவை மாற்றம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் போதும், மாலைக்குள் ஆசிரியபீடத்து மேசைக்கு மூன்று பட்டியல்களாவது வந்து சேர்ந்துவிடும். ஏற்கனவே இருப்பவர் யார், யாருடைய பதவி பறிபோகும், யாருடைய கார் எந்த வீட்டு வாசலில் நின்றது என்ற மூன்றையும் வைத்தே அவை தயாரிக்கப்படும். சில பலிக்கும், பல பலிப்பதில்லை. பலித்ததை மறுநாள் முதற்பக்கத்தில் பெருமையோடு நினைவூட்டுவோம். பலிக்காததை வாசகர் மறந்துவிடுவார் என்று நம்புவோம்.

அந்தத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளான பின்னர், அண்மையில் என்னிடம் மீண்டும் ஒரு பட்டியல் வந்து சேர்ந்தது. அனுப்பியவன் ரொறன்ரோவில் வாழும் என் மகளின் மகன். வயது பதினாறு. கொப்பித் தாளில் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அமைச்சர்களின் பெயர்கள் அல்ல. கார்ப் பந்தயத் தடங்களின் பெயர்கள். கிரான் டூரிஸ்மோ என்னும் வீடியோ விளையாட்டின் அடுத்த பதிப்பில் எந்தெந்தத் தடங்கள் இடம்பெறும் என்பதே அவனுடைய ஆராய்ச்சி.

"அம்மப்பா, இதில எதெது வரும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் பேப்பரில வேலை செய்தனீங்கள்தானே" என்றான் தொலைபேசியில்.

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் கடைசித் தலைமுறை அவனுடையதாகத்தான் இருக்கவேண்டும். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆகவே சில வாரங்கள் இந்த விடயத்தை வாசித்தேன், கேட்டேன், அவனுடைய திரைக்கு எதிரே இருந்து தொலைவிலிருந்தே பார்த்தேன். இது பிள்ளைகளின் பொழுதுபோக்கு மட்டும்தான் என்று நான் கொண்டிருந்த எண்ணம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். கிரான் டூரிஸ்மோ 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. அதன் தந்தை கசுனோரி யமௌச்சி. முதற்பதிப்பில் உலகில் உண்மையாக உள்ள தடம் ஒன்றுகூட இருக்கவில்லை. அனைத்தும் கற்பனையில் வரைந்தவை. 1999 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் கலிபோர்னியாவின் லகூனா சேகா என்ற உண்மைத் தடம் முதன்முதலாக நுழைந்தது. 2004 இல் நான்காம் பதிப்பு வந்தபோது ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று, அதன் ஏறத்தாழ 20.8 கிலோமீற்றர் நீளம் முழுவதும், வீட்டுத் தொலைக்காட்சிக்குள் வந்துவிட்டது. அடுத்த முழுப் பதிப்புக்கு இரசிகர்கள் 2010 நவம்பர் வரை ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த ஆறு ஆண்டுகளும் எந்தத் தடம் வரும், எது வராது என்ற வாதத்திலேயே கழிந்தன. பின்னர் 2013 இல் ஆறாவது, 2017 இல் ஸ்போர்ட் என்ற பதிப்பு, 2022 மார்ச்சில் ஏழாவது. ஒவ்வொன்றின் முன்னரும் இதே பட்டியல்கள், இதே சண்டைகள்.

இனிப் பேரனின் பட்டியலுக்கு வருவோம். நான் அதனைச் செய்தி ஆசிரியரின் கண்ணோடு பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, "ஆதாரம் என்ன?" என்று எழுதி அவனுக்கே திருப்பி அனுப்பினேன். அவன் சளைக்கவில்லை. எங்களுக்குள் நடந்த வாதத்தில் மூன்று அளவுகோல்கள் தேறின.

முதலாவது, ஏற்கனவே கட்டப்பட்டவை. ஒரு தடத்தை இவ்விளையாட்டுக்குள் கொண்டுவருவது புகைப்படம் எடுத்து ஒட்டும் வேலையல்ல. லேசர் கருவியைக் கொண்டு தடம் முழுவதையும் அளக்கிறார்கள். தாரில் உள்ள மேடு பள்ளங்கள் சில மில்லிமீற்றர் துல்லியத்துடன் பதிவாகின்றன. 2008 இல் தொடங்கிய ஐரேசிங் என்ற கணினி விளையாட்டு இம்முறையை முன்னின்று பரப்பியது; இன்று அது பொதுவழக்கு. அளந்த பின் பார்வையாளர் மேடை, மரம், வேலி, விளம்பரப் பலகை என்று ஒவ்வொன்றையும் உருவாக்கவேண்டும். பலர் பல மாதங்கள் உழைத்துக் கட்டிய ஒன்றை எவரும் எளிதில் எறிந்துவிடமாட்டார்கள். ஆகவே சுசூகா, ஃபூஜி, சுக்குபா ஆகிய ஜப்பானியத் தடங்களும் நூர்பர்க்ரிங்கும் அடுத்த பதிப்பில் இருக்கும் என்று சொல்வதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. நூர்பர்க்ரிங்கில் நடக்கும் 24 மணிநேரப் பந்தயத்தில் யமௌச்சியே கார் ஓட்டியிருக்கிறார். 2011 இல் தம் பிரிவில் அவருடைய அணி வென்றும் இருக்கிறது. தம் கையால் தொட்ட தடத்தை அவர் விடுவாரா?

இரண்டாவது, அனுமதி. உண்மையான தடத்துக்கு உரிமையாளர் உண்டு. அவருடைய சம்மதமின்றிப் பெயரையும் வடிவத்தையும் பயன்படுத்த முடியாது. கிரான் டூரிஸ்மோவின் பழைய பதிப்புகளில் கோட் டசூர் என்ற பெயரில் ஒரு தடம் இருந்தது. கடலோரம், சுரங்கம், கூரிய கொண்டையூசி வளைவு. பார்த்த மாத்திரத்தில் அது மொனாக்கோ என்று எவரும் சொல்லிவிடுவர். பெயர்ப் பலகையில் மட்டும் மொனாக்கோ இல்லை. பெயர் மாற்றி எழுதினாலும் ஆளைக் கண்டுபிடிக்கும் கலை பத்திரிகை வாசகர்களுக்கும் உண்டல்லவா?

1950 மே மாதத்தில் உலக ஃபோர்முலா வன் தொடரின் முதற்பந்தயம் நடந்த இடம் பிரித்தானியாவின் சில்வர்ஸ்டோன். அது 2013 இல் ஆறாம் பதிப்பில் இருந்தது. 2017 இல் ஸ்போர்ட் வந்தபோது இல்லை. 2022 இல் ஏழாம் பதிப்பு வந்தபோதும் இல்லை. பேரனின் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். "ஒருமுறை இருந்ததுதானே, திரும்பி வரும்" என்பது அவன் வாதம். ஒருமுறை அமைச்சராக இருந்தவர் மீண்டும் வருவார் என்று எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். ஆகவே அதற்கு எதிரே கேள்விக்குறி இட்டேன்.

மூன்றாவது, சைகைகள். புதிய கார்கள் வருமுன் யமௌச்சி அவற்றின் நிழலுருவத்தை மட்டும் வெளியிடுவது வழக்கம். அந்தக் கறுப்பு வடிவத்தை வைத்துக்கொண்டு இரசிகர்கள் காரின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள். தடங்களில் வணிக உறவுகள் சைகை காட்டுவதுண்டு. மிச்செலின் டயர் நிறுவனம் 2019 இல் இவ்விளையாட்டின் பங்காளியானது. மிச்செலினின் பெயரைச் சூடிய ரோட் அட்லாண்டா தடம் 2022 நவம்பரில் ஏழாம் பதிப்பில் சேர்ந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் எந்தக் கார் எந்த வீட்டு வாசலில் நின்றது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது படாமல் போகாது.

இந்த மூன்றோடு அவன் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நான்காவதாக ஒரு வகை அவனிடம் இருந்தது. "கசிந்த பட்டியல்" என்றான். யாரோ பெயரற்ற ஒருவர் நாற்பது தடங்களின் பெயர்களை எழுதிவிட, அதை இருபது பேர் எடுத்துப் போட, இருபது பேர் போட்டதனால் அது உண்மையாகிவிட்டது. அங்கேதான் என் குரல் சற்று உயர்ந்தது.

நான் இளம் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், ஒரு நியமனம் பற்றி இரண்டு இடங்களிலிருந்து ஒரே தகவல் வந்தது. இரண்டு இடம் சொல்கிறதே என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன். விடிந்தபோது வேறொருவர் நியமிக்கப்பட்டிருந்தார். விசாரித்தால், எனக்குத் தகவல் தந்த இருவருக்கும் தகவல் தந்தவர் ஒரே ஆள். அவரோ தேநீர்க் கடையில் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். ஒரு வாய்ச்சொல் இருபது வாய்களில் புகுந்து வந்தாலும் அது ஒரு வாய்ச்சொல்தான். இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை, ஆசிரியரின் அறையில் நின்றுகொண்டே கேட்ட அரைமணி நேர ஏச்சு. பேரனுக்கு இலவசமாகவே சொல்லிக்கொடுத்தேன். கசிந்த பட்டியலை அவன் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான். நம்புகிறேன்.

அந்த வேளையில்தான் மருமகன் உரையாடலுக்குள் வந்தார். தம் மகனின் பட்டியலில் ஒரு குறை இருப்பதாகச் சொன்னார். ஸ்பெஷல் ஸ்டேஜ் ரூட் ஃபைவ் அதில் இல்லையாம். அது உண்மையான இடமல்ல. 1997 இன் முதற்பதிப்பிலேயே இருந்த கற்பனை நகரத்து இரவுச் சாலை. விளக்குகள், ஆளில்லாத தெருக்கள், இருட்டு. 1998 இல் அந்த விளையாட்டு ஐரோப்பாவுக்கு வந்தபோது மருமகன் இலண்டனில் அகதி விண்ணப்பத்தோடு காத்திருந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. ஓர் அறையில் நான்கு பேர். நால்வரும் காசு சேர்த்து வாங்கிய பழைய பிளேஸ்டேசன் ஒன்று. விடிகாலையில் வேலை முடிந்து வந்து, மற்றவர்கள் எழும்புமுன், ஓசையைக் குறைத்துவிட்டு அந்தச் சாலையில் ஓடுவாராம்.

"மாமா, அப்ப எனக்கு லண்டனில கார் ஓட லைசென்சும் இல்லை, போக இடமும் இல்லை. அந்த ரோட்டை மட்டும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்" என்றார்.

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவர் எனக்கு இதைச் சொன்னதில்லை. ஒரு விளையாட்டுத் தடத்தைப் பற்றிய பேச்சு வராதிருந்தால் ஒருபோதும் சொல்லியிருக்கவும் மாட்டார்.

அதன் பின்னரே இந்தப் பட்டியல்களை நான் வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். இவற்றில் ஊகம் பாதி, ஏக்கம் பாதி. தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்தே இருக்கவேண்டும். 2017 இன் ஸ்போர்ட் பதிப்பில் ட்ரயல் மவுண்டன், டீப் ஃபொரெஸ்ட் முதலிய பழைய கற்பனைத் தடங்கள் எல்லாமே கைவிடப்பட்டன. எழுந்த முறைப்பாடுகள் கொஞ்சமல்ல. ஏழாம் பதிப்பில் அவை திரும்பின. ஆயினும் ட்ரயல் மவுண்டன் முன்பிருந்த வடிவில் திரும்பவில்லை. கிராண்ட் வலி என்ற தடம் 2023 இல் வந்தபோது கலிபோர்னியக் கடலோர நெடுஞ்சாலை ஒன்றாகவே மாறிவிட்டது. சிலர் மகிழ்ந்தார்கள், பலர், "இது நாங்கள் கேட்ட இடமல்ல" என்றார்கள். நெடுங்காலத்தின் பின் ஊருக்குப் போய், சந்தியில் நின்ற ஆலமரத்தைத் தேடியவர்களுக்கு அந்த முறைப்பாடு விளங்கும்.

பேரன் கேட்ட கடைசிக் கேள்வி என்னைச் சற்று நேரம் மௌனமாக்கியது. "எங்கட பக்கம் ஒரு ட்ராக்கும் இல்லையா, அம்மப்பா?"

நியாயமான கேள்வி. அவனுடைய பட்டியலில் ஐரோப்பா உண்டு, ஜப்பான் உண்டு, அமெரிக்கா உண்டு, பிரேசிலின் இன்டர்லாகோஸ் உண்டு, அவுஸ்திரேலியாவின் மவுண்ட் பனோரமா உண்டு. தென்னாசியா இல்லை. ஏழு பதிப்புகள் வெளிவந்த வேளைகளில் எதிலும் இருக்கவில்லை. இதை ஓரவஞ்சனை என்று முழங்குவது எளிது. ஆனால் காரணங்களைப் பார்க்கவேண்டும். சர்வதேசப் பந்தயம் நடக்கும் தடம் வேண்டும். அது தொடர்ந்து நடக்கவும் வேண்டும். இந்தியாவில் டில்லிக்கு அருகே புத் சர்வதேசத் தடம் கட்டப்பட்டது. 2011 ஒக்ரோபர் 30 அன்று அங்கு முதலாவது ஃபோர்முலா வன் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் அதில் ஓடினார். ஆனால் அதற்கு முந்திய மாதமே வெளியான எஃப் வன் 2011 என்ற வீடியோ விளையாட்டில் அந்தத் தடம் வந்துவிட்டது! தடம் முறைப்படி திறக்கப்படுமுன்னரே உலகெங்கும் பிள்ளைகள் அதில் ஓடித் தீர்த்தார்கள். பின்னர் நடந்தது தெரிந்ததே. பந்தயம் விளையாட்டா, களியாட்டமா என்ற வரித் தகராறு எழுந்தது. 2013 உடன் மூன்றே பந்தயங்களில் ஃபோர்முலா வன் மூட்டை கட்டியது. திரைக்குள் இடம்பிடித்த தடத்தை நாமே தரையில் தக்கவைக்கவில்லை.

ஆனால் பேரனுக்குத் தெரியாத வேறொன்று எனக்கு இந்தத் தேடலில் அகப்பட்டது. 2014 ஒக்ரோபரில் பிரித்தானியாவின் எவல்யூஷன் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேசன் 4 க்காக டிரைவ்கிளப் என்ற பந்தய விளையாட்டை வெளியிட்டது. நோர்வே, ஸ்கொட்லாந்து, கனடா, சிலி ஆகிய நாடுகளோடு அதில் இந்தியாவும் இருந்தது. அங்கு அமைந்த தடங்களில் ஒன்றின் பெயர் நீலகிரி மலை. இன்னொன்றின் பெயர் தமிழ்நாடு.

பேரன் ரொறன்ரோவில் ஒரு கடையில் பாவித்த வட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தான். கடந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஓட, நான் பார்த்தேன். மலைச்சரிவு, பசுமை, வளைந்து ஏறும் ஒடுங்கிய சாலை. அவனுக்கு அது ஒரு கடினமான தடம். எனக்கோ வேறு. எண்பதுகளில் நான் கோத்தகிரிப் பக்கம் போயிருக்கிறேன். 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியில்தான் குடியேற்றப்பட்டார்கள். அவர்களைப் பற்றி எழுதுவதற்கே சென்றேன். "இந்த மலையும் அந்த மலை மாதிரித்தானுங்க இருக்கு" என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். அவர் பிறந்தது நுவரெலியாவில். அந்த நுவரெலியாவிலும், மஹகஸ்தோட்டையில், 1930களில் தொடங்கிய மலையேற்றக் கார்ப் பந்தயம் ஒன்று உண்டு. தேயிலைக்கு நடுவே செல்லும் ஒடுங்கிய சாலையில் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு போட்டியிடும். இரண்டு மலைகளையும் கண்டவன் நான். கனடாவில் பிறந்த பிள்ளை அவற்றில் ஒன்றின் சாயலைத் திரையில் கண்டான்.

ஆனால் அந்த விளையாட்டின் கதையைக் கேளுங்கள். எவல்யூஷன் ஸ்டூடியோஸ் 2016 இல் மூடப்பட்டது. டிரைவ்கிளப் 2019 ஓகஸ்ட் இறுதியில் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. 2020 மார்ச் 31 இல் அதன் சேவைக் கணினிகள் நிறுத்தப்பட்டன. வட்டு வைத்திருப்பவர்கள் தனியாக ஓடலாம். புதிதாக விரும்புபவர் பழைய கடைகளில் தேடவேண்டும். இது தனிக் கதையல்ல. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 7 2021 செப்டெம்பரிலும், ஃபோர்ஸா ஹொரைசன் 4 2024 டிசம்பரிலும் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. கார்களுக்கும் இசைக்கும் பெற்ற அனுமதிகள் காலாவதியாகும்போது விளையாட்டே மறைகிறது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கித் தந்த தி குரூ என்ற விளையாட்டின் நிலை இன்னும் மோசம். 2024 மார்ச் 31 இல் சேவை நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவராலும் அதனை அதன்பின் ஓட்டமுடியவில்லை. அந்தக் கோபத்தில் எழுந்த இயக்கமே, விளையாட்டுகளை அழிக்காதீர் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது.

எனவே இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பதிப்பில் எந்தத் தடம் வரும் என்று நாம் வாதாடுகிறோம். முன்பு வந்த தடங்கள் எங்கே போயின என்று கேட்பதில்லை. ஒரு விளையாட்டை விற்பவர், சேவையை நிறுத்தும் நாளில் அதனைத் தனியாகவேனும் ஓடக்கூடிய நிலையில் விட்டுச்செல்லவேண்டும். அது முடியாத காரியமல்ல. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் சேவை 2024 ஜனவரி 31 இல் நிறுத்தப்பட்டபோது, இணையத் தொடர்பின்றி ஓடும்படி அதனை மாற்றிவிட்டே சென்றார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே யமௌச்சியின் குழுவுக்கு என் வணக்கம். யாழ்ப்பாணத்து நூலகம் 1981 இல் எரிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பந்தய விளையாட்டை அந்த நூல்களுக்கு நிகர்வைக்க நான் வரவில்லை. ஆனால் பாதுகாப்பதற்கு வழி இருந்தும் ஒன்றை அழியவிடுவதை, அது எவ்வளவு சிறியதாயினும், என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

பேரனுக்கு என் பதிலை எழுதி அனுப்பிவிட்டேன். நூர்பர்க்ரிங், சுசூகா, ஃபூஜி, சுக்குபா: வரும். ஸ்பா, மொன்சா, லு மான்ஸ், மவுண்ட் பனோரமா: பெரும்பாலும் வரும். ட்ரயல் மவுண்டன்: வரும், ஏதேனும் ஒரு வடிவில். சில்வர்ஸ்டோன்: பாதிக்குப் பாதி. அப்பாவின் இரவுச் சாலை: வரக்கூடும், கேட்பவர்கள் அவரைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பட்டியலின் அடியில் அவன் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான். நீலகிரி. அதற்கு எதிரே நான் இரண்டு வரிகள் எழுதினேன். வராது என்பது என் ஊகம். வரவேண்டும் என்பது என் விருப்பம். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடாதே என்று மட்டும் அவனிடம் கேட்டுக்கொண்டேன்.